சுமாரான வயலுக்கு வந்த பரிசு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மயிலாடுதுறை ஓட்டலில் இலை எடுத்தேன், லாரியில் கிளீனராகச் சுற்றினேன், அதுவும் சலித்து பூதலூர் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துக் கிடந்தேன். அங்கேதான் புள்ளியியல் படித்த இளைஞர் ஒருவர் ரயிலை விட்டு இறங்கி, வயலில் கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்றார். சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்டேன்.

அவருக்கு ஒரே கவலைதான். வளரும் நாடுகளின் இளம் புள்ளியியலாளர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கு வெளிநாட்டில் ஒரு பரிசு தருகிறார்கள். அதற்கு வயது வரம்பு உண்டு. அவருக்கு அதுதான் கடைசி வருடம். சில வயல்களில் மட்டும் அறுத்துப் பார்த்து ஒரு வட்டாரத்தின் விளைச்சலைச் சொல்வது எப்படி என்பதே கட்டுரை. எந்த வயல், அதில் எந்த இடம் என்பதைக் குலுக்கிப் போட்ட எண்கள் சொல்லும். அங்கே கயிறு கட்டி, சதுரமாக அறுத்து, அடித்து, எடை போட வேண்டும். வயலை மாற்றக் கூடாது.

கடைசி எண் தகராறு வயலில் போய் விழுந்தது. நிலம் ஒரு மிராசுதாருடையது, பயிர் குத்தகைக்காரருடையது. உழுபவனுக்கே நிலம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம். குத்தகையை ஏற்ற வேண்டும் என்பார் அவர், குறைக்க வேண்டும் என்பார் இவர். இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

பரிசு என்ற செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. அதிக விளைச்சலுக்கு அரசாங்கம் பரிசு கொடுத்துப் பார்த்த ஊர். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

காலையில் அறுத்த கட்டுகளைக் களத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது மிராசுதாரும் குத்தகைக்காரரும் களத்தில் நின்றார்கள்; கட்டை அடித்ததும் இளைஞர் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"அறுத்தது மோட்டா ரகம். இது சன்ன நெல்லால்ல இருக்கு?"

மிராசுதார் கழுத்தைச் சொறிந்தார். "பக்கத்துல என் சொந்த வயல் கட்டைக் கொஞ்சம் சேத்தேன் தம்பி. பரிசு வந்தா ஊருக்குத்தானே பெருமை."

குத்தகைக்காரர் துள்ளி எழுந்தார். "அதானே பாத்தேன்! எடுக்க எடுக்கக் கொறையவே இல்லையேன்னு!"

"நீ எதுக்குய்யா எடுத்தே?"

"எடை ஏறுனா நீங்க குத்தகைய ஏத்துவீங்க. எடுக்காம?"

"பரிசுல பாதி உனக்குத் தர்றதா இருந்தேன்யா!"

"குடுத்துக் கிழிச்சீங்க."

ஒருவர் போட, ஒருவர் எடுக்க, எங்கள் சதுரத்து நெல்லில் ஒரு பிடிதான் மிஞ்சியிருந்தது. இளைஞர் களத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பரிசு வயலுக்கு இல்லீங்க. என் கட்டுரைக்கு. உள்ளத உள்ளபடி எழுதினாத்தான் கிடைக்கும்."

"அப்ப எங்களுக்கு?" இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்லீங்க."

மறுபடி எண் குலுக்கி, அதே வயலில் வேறு இடம் அறுத்தோம். இம்முறை யாரும் சாப்பிடப் போகவில்லை. மிராசுதாரும் குத்தகைக்காரரும் கட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். நான் வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தைக்கூடக் குனியாமலே தின்றார்கள். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தராசு சரியில்லை என்றார்கள் இருவரும்.

பரிசு கிடைத்துவிட்டது. லட்டுப் பெட்டியோடு இளைஞர் அந்த ஊருக்கு வந்தபோது நானும் கூட வந்தேன். டீக்கடையில் மிராசுதார், "என் வயலுக்கு வெளிநாட்டுல பரிசு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். குத்தகைக்காரர் லட்டை வாங்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்:

"சார், இந்த வயல் வெளைச்சல் எப்படின்னு எழுதியிருக்கீங்க?"

"சுமார்னுதான்."

"கேட்டுக்குங்க. வெளிநாட்டுக்காரனே சுமார்னு ஒத்துக்கிட்டுப் பரிசு குடுத்துட்டான். இனியாவது குத்தகையக் குறைங்க."

மிராசுதார் வாய்வரை போன லட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார்.