ஃபிரிஸ்கோவிலிருந்து இர்விங்: பலகையில் ஒட்டிய பேஸ்பால் படத்தோடு ஒரு சனிக்கிழமை

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று சொல்லக் கூடாது. நான், என் மகள் கவிதா, பக்கத்து வீட்டு டோரத்தி, பழைய படங்களைப் பார்த்துக் காலம் சொல்லும் வெர்னன். ஈரோட்டிலிருந்து போனில் என் சம்பந்தி நடராஜன். ஆக ஐந்து பேர். மாப்பிள்ளை வரவில்லை. சனிக்கிழமைத் தூக்கம் அவருக்கு முக்கியம்.

டோரத்திக்குத் தொண்ணூறு வயது. வருகிற திங்கட்கிழமை வீட்டைக் காலி செய்துவிட்டு ஹூஸ்டன் பக்கம் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அவரிடம் ஒரு பழைய படம் உண்டு. நியூ ஜெர்சியில் ஏதோ ஒரு மில்லின் பேஸ்பால் அணி, பதினோரு ஆண்கள். முன்வரிசையில் இடமிருந்து நாலாவது ஆளைக் காட்டி ‘இதுதான் உன் அப்பா, நீ பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் மில் விபத்தில் இறந்துவிட்டார்’ என்று அவருடைய அம்மா சொல்லி வைத்திருந்தார். அதே அம்மா சாகும் தறுவாயில் பேச்சை மாற்றி மாற்றிச் சொன்னாராம். அன்றிலிருந்து டோரத்திக்குச் சந்தேகம். அது அப்பாதானா, எப்போது எடுத்த படம் என்று ஊரை விட்டுப் போவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

காலை 9.10க்குக் கிளம்பினோம். இர்விங்கில் லாஸ் கொலினாஸ் பக்கம் ஓர் ஓட்டல் ஹாலில் பழைய விளையாட்டுப் பொருள் சந்தை. ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டிலிருந்து இருபத்தாறு மைல். டோல் ரோட்டில் போனால் முப்பத்தைந்து நிமிடம். கவிதா பேசிக்கொண்டே ஓட்டி ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டதால் எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஐந்து டாலர். பார்க்கிங் இலவசம், ஆனால் நிழல் கிடையாது. வெர்னன் மேஜையில் ஒரு படத்துக்கு இருபது டாலர். பத்தரைக்குள் போனால் வரிசை இல்லை.

வெர்னன் படத்தை வாங்கினார், திருப்பினார், அப்படியே எங்களைப் பார்த்தார். பின்பக்கம் வெறும் மரப்பலகை.

அந்தக் கதையையும் சொல்ல வேண்டும். போன வருடம் படத்தின் கண்ணாடி உடைந்தது. அப்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்த சம்பந்தி, ‘எங்க ஊர்ல பிரமாதமா லேமினேஷன் பண்ணுவாங்க’ என்று சொல்லி, எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சட்டத்தைக் கழற்றிப் படத்தை எடுத்துப் போனார். மூன்று மாதம் கழித்து யாரோ ஒருவருடைய பெட்டியில் அது திரும்பி வந்தது. பலகையில் ஒட்டி, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் போட்டு, சுற்றிலும் தங்கக் கலர் ஓரம். கல்யாண போட்டோ மாதிரி.

“பின்பக்கக் காகிதமும் அடி ஓரமும் இருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவேன்னு சொல்றாரும்மா” என்றாள் கவிதா. உடனே ஈரோட்டுக்குப் போன் போட்டாள். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம்.

“மாமா, அந்த போட்டோவுக்குக் கீழ ஏதாச்சும் எழுதியிருந்துச்சுங்களா?”

“பென்சில்ல என்னமோ கிறுக்கியிருந்துச்சு அம்மிணி. அசிங்கமா இருந்துச்சு, வெட்டிருன்னு ஸ்டுடியோக்காரன்கிட்டச் சொல்லிப் போட்டேன். இப்பப் பாரு, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது.”

“தண்ணியில ஊறப் போடறதுக்கா குடுத்தோம்?” என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது எனக்குத் தெரியும்.

வெர்னன் முன்பக்கத்தை மட்டும் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். கையுறை, தொப்பி, காலுறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு உட்கார முடியவில்லை. மேஜையை மூன்று சுற்று சுற்றினேன். தொல்லை தாங்காமல் அவர் பூதக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங்கில் இருந்தேன். சட்டை என்னிடம் பொய் சொல்லாது. பட்டன் இருந்தால் ஒவ்வொரு பட்டனுக்கும் துணி கொஞ்சம் இழுத்துச் சுருங்கும். இங்கே கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே நேர்க்கோடு.

“கவிதா, இதுல பட்டன் இல்ல கண்ணு. பட்டிக்கு அடியில ஜிப்பு.”

வெர்னன் கண்ணாடியைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கவிதாவின் முகம் மாறியது.

“நீ சொல்றது சரிதானாம். பேஸ்பால் சட்டைல ஜிப் வந்ததே ஆன்ட்டி பொறந்து ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தானாம்.”

டோரத்தி தலையசைத்தார். “அப்ப இது எங்கப்பா இல்ல. அம்மா ஆள மாத்திக் காட்டிட்டா. பரவால்ல” என்று ஆங்கிலத்தில் சொல்லி, கவிதா அதை எனக்குத் தமிழில் சொல்வதற்குள் படத்துக்குக் கை நீட்டினார்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் சம்பந்தி சட்டத்தைக் கழற்றிய அன்று அந்தப் பென்சில் வரியை நான் பார்த்திருந்தேன். சட்டத்துக்குள் மறைந்திருந்ததால் டோரத்தி அதைப் பார்த்ததே இல்லை. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கம்பெனியிலும் லேபிள்களை எழுத்தின் உருவத்தை வைத்துத்தான் பிரிப்போம். ஒரு முறை பார்த்த உருவம் எனக்கு மறக்காது. கவிதா மூலம் அதைச் சொன்னேன்.

வெர்னன் டோரத்தியிடம் அப்பாவின் பெயரைக் கேட்டார். “சொல்ல மாட்டேன். முதல்ல அவ வரையட்டும்” என்றார் டோரத்தி.

நுழைவுச் சீட்டின் பின்னால் வரைந்தேன். முன்வரிசையில் நாலாவது ஆளுக்கு நேர் கீழே இருந்த பெயர்: ஒரு முட்டை, இரண்டு சிலுவை, இன்னொரு முட்டை. வெர்னன் அதைச் சத்தமாகப் படித்தார். டோரத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த மில்லில் அதே பெயரில் வேறொருவர் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் வெர்னன். “எனக்குப் போதும்” என்றார் டோரத்தி.

பன்னிரண்டரைக்குத் திரும்பினோம்.  பாதி வழியில் டோரத்தி ஏதோ சொன்னார்.

“என்னடி சொல்றாங்க?”

“சாகலையேம்மா, நல்லாத்தான் இருந்திருக்காரு, சந்தோஷம்னு சொல்றாங்க. மன்னிச்சுட்டாங்களாம்.”

“அத்தன சீக்கிரமா?” என்றேன். கவிதா அதை மொழிபெயர்க்கவில்லை.

பழைய படம் வைத்திருப்பவர்களுக்கு: லேமினேஷன் வேண்டாம். சட்டத்தைக் கழற்றினால் நான்கு ஓரத்தையும் பின்பக்கத்தையும் போனில் படம் பிடித்து வையுங்கள். கறையாக இருந்தாலும் வெட்டாதீர்கள். சந்தைக்குப் போகும்போது துணி தைக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். வயதானவர்களோடு போனால் தண்ணீரும், படம் வேறு எதையாவது சொன்னால் கேட்டுக்கொள்ளும் தைரியமும் தேவை.

சம்பந்தி மேல் கோபம் இருக்கிறது. அது தீபாவளிக்குள் ஆறிவிடும். அவர் வெட்டியது காகிதத்தைத்தான். டோரத்தி மன்னித்துவிட்டார், அது அவர் பாடு. பெற்ற மகள் தத்தித் தத்தி நடக்கிற வயதில், புது ஜிப் சட்டை போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரித்து நின்றவனை நான் மன்னிப்பதாக இல்லை. முன்வரிசை, இடமிருந்து நாலாவது. பெயர் ஒட்டோ.