கேமராவைத் தாண்டிய பிறகு

வேகக் கேமராவெல்லாம் அபராதம் போட்டு கஜானாவை நிரப்பும் வேலை என்று எங்கள் வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் கொதித்தவன் நான்தான். கேமரா இருக்கும் இடங்களை எழுதிப் போடுவதைச் சேவையாகவே செய்தேன். “பஸ் ஸ்டாப்பைத் தாண்டிட்டா கேமரா இல்ல, தைரியமா மிதிக்கலாம்” என்றும் போட்டேன்.

மறுநாள் அதே இடத்தில் நானும் மனைவியும் சாலையைக் கடந்தபோது, சீறி வந்த கார் ஒன்று அவள் துப்பட்டாவை உரசிக்கொண்டு நின்றது.

“கண்ணு தெரியல?” என்று கத்தினேன்.

இறங்கியவர் எங்கள் மேல் ஃபிளாட்காரர். “சாரி சார், இங்க கேமரா இல்லன்னு நீங்கதானே குரூப்ல போட்டீங்க” என்றார்.

“நீங்களா?” என்றாள் மனைவி.

இப்போதும் குழுவில் எழுதுகிறேன், ஆட்கள் சாலையைக் கடக்கும் இடங்களை. முதலில் போட்டது அந்த பஸ் ஸ்டாப்பை.