கடல் பக்கம் காட்டிய அம்புக்குறி

அக்காவை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அவருடைய கணினித் திரையில் நிறைந்து கிடந்த கோப்புப் பெயர்கள்தான். ‘பலகை’, ‘பலகை சரி’, ‘பலகை மெத்தச் சரி’, ‘பலகை இதுதான் கடைசி’, ‘பலகை சத்தியமாய்க் கடைசி’. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த அந்தப் பெயர்ப்பலகைக் கடையில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து படம் கீறினோம். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா. மற்றும்படி பயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வயது. வள்ளத்து இலக்கமோ, கல்யாண வளைவோ, மரண அறிவித்தலோ, எது வந்தாலும் பிழை விட்டுவிடுவோமோ என்று மூன்று தரம் திறந்து பார்ப்போம். முதலாளிக்கு அந்த வியாதியே கிடையாது.

நிரல் எழுதுகிறவர்கள் பாவிக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளைக் கடைக்குக் கொண்டுவந்தவன் நான். ஒரு கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று அது படிப்படியாகப் பதிந்து வைக்கும்; வேண்டுமானால் பழைய படிக்குத் திரும்பிப் போகலாம். நாங்கள் கீறுவது வெக்டர் படங்கள். கோடும் வளைவும் கணக்காக எழுதப்பட்டவை. உள்ளே திறந்து பார்த்தால் வெறும் எழுத்தும் எண்ணும்தான் இருக்கும். அதனால் எந்த வரி மாறியது என்று கிட் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடும்.

“அப்ப நான் விட்ட பிழை எல்லாருக்கும் தெரிய வருமோ?” என்று அக்கா கேட்டார்.

“ஓம் அக்கா. திருத்தினதும் தெரிய வரும்.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு வரிக் குறிப்பு எழுதவேண்டும். அவர் ஒரு பந்தியே எழுதுவார். நான் பகிடி பண்ணுவேன். “எழுதினால்தான் தம்பி எனக்கு நித்திரை வரும்” என்பார்.

பிறகுதான் அந்த வேலை வந்தது. கடல் பொங்கினால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று காட்டும் பலகைகள், கட்டைபறிச்சானுக்கு அப்பால் உள்ள கரையோரச் சந்திகளுக்கு. ஓடுகிற மனிதன், பின்னால் அலை, கீழே அம்புக்குறி. வடக்கே இருந்து வருகிறவருக்குக் கடல் இடப்பக்கம். தெற்கே இருந்து வருகிறவருக்கு வலப்பக்கம். ஆகவே ஒரே படத்தைக் கீறி, பாதிப் பலகைகளுக்கு அம்பைத் திருப்பிவிடுவோம். கோப்புக்குள் அது ஒரு சின்னக் கழித்தல் குறி. அது இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் மறுபக்கம்.

அக்காவுக்கு அந்தக் குறியில் உயிரே இருந்தது. சுனாமியில் கடல் வந்த அன்று அவரும் அவருடைய அம்மாவும் வெருகல் பக்கம் ஒரு சந்தியில் நின்றிருக்கிறார்கள். யாரோ “இஞ்சால ஓடி வாங்கோ” என்று கத்தியிருக்கிறார்கள். அம்மா அந்தக் குரலை நம்பி ஓடினார். அந்தப் பக்கத்தால்தான் தண்ணீர் வந்தது. “கத்தினவை பாவம், அவைக்கும் தெரியாதுதானே” என்று அக்கா ஒரேயொரு முறை சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் கடைசிச் சரிபார்ப்பில் இருந்தோம். முதலாளிக்கு ஒரு வழக்கம்: எந்தப் பெரிய வேலையானாலும் ராகுகாலம் பிறக்கமுன் ஒரு துண்டாவது வெட்டித் தொடங்கிவிட வேண்டும். எங்களுக்குச் சொல்லாமல் கோப்பொன்றைப் பென் டிரைவில் எடுத்துப்போய் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தில் போட்டிருக்கிறார். மற்றவற்றைப் பின்னேரம் நாங்கள் கொடுத்த கோப்புகளிலிருந்து வெட்டினார். ஞாயிறு பலகைகளை நட்டாயிற்று.

திங்கள் மத்தியானம் எல்லாருடைய கைத்தொலைபேசிக்கும் அந்தச் செய்தி வந்தது. இந்தோனேசியாவில் நிலநடுக்கமாம், கடல் வரப்போகிறதாம். யார் அனுப்பியது என்று யாருக்கும் தெரியாது. வீதியில் கடைக்கதவுகள் சாத்துப்படும் சத்தம் கேட்டது. முதலாளி எங்களைத் தேற்றுகிறேன் என்று வாய் திறந்தார்.

“பயப்பிடாதையுங்கோ பிள்ளையள். எங்கட பலகை நிக்குதெல்லோ. முதல் பலகையை, அந்தக் கடற்கரைச் சந்திப் பலகையை, ராகுகாலத்துக்கு முன்னமே வெட்டிப்போட்டன், ஒரு குறையும் வராது.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் கிட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை, ராகுகாலம் பிறந்த பிறகு அக்கா பதிந்த மாற்றம்: ‘கடற்கரைச் சந்தி, வடக்கிலிருந்து வருவோர் பார்க்கும் பலகை. அம்பு கடல் பக்கம் காட்டுகிறது. திருப்பிவிட்டேன். தயவுசெய்து இதற்கு முந்தியதை எடுக்கவேண்டாம்.’ சிவப்பில் பழைய வரி, பச்சையில் புதிய வரி. முதலாளி வெட்டியது சிவப்பை.

கோப்பில் எதையும் பின்னால் போய்ச் சரியாக்கலாம். கொங்கிரீட்டில் நட்ட கம்பத்தை என்ன செய்வது?

“புதுசு வெட்டிக்கொண்டு வாங்கோ” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அக்கா என் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். கிண்ணியாப் பாலத்தில் எதிரே முழுச்சனமும் வந்துகொண்டிருந்தது. மூட்டை, பிள்ளை, ஆடு என்று. “அக்கா, கடல் வருகுதெண்டால் நாங்கள் கடலுக்கெல்லோ போறம்!” என்றேன். “ஓட்டு தம்பி” என்றார். வழி முழுக்க அவர் என் சட்டையை விடவில்லை.

சந்தியில் பலகை பளிச்சென்று நின்றது. அம்பு கடலைக் காட்டியது. ஓட்டோவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் பலகையைப் பார்க்கவேண்டாம் என்றேன்.

“நாங்கள் அது பீச்சுக்குப் போற வழியெண்டெல்லோ நினைச்சனாங்கள்” என்றார் அவர். “நேற்று ரெண்டு வெள்ளைக்காரர் அதைப் பார்த்துத்தான் போனவை.”

நான் மோட்டார் சைக்கிள் சீற்றில் ஏறி நின்று நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினேன். புதுப் பசை, விடவில்லை. அதற்குள் வடக்கேயிருந்து வாகனங்கள் வரத் தொடங்கின. ஊர் தெரியாதவர்கள் வேகத்தைக் குறைத்துப் பலகையை நிமிர்ந்து பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அக்கா நடு வீதிக்குப் போனார். பிழை விடுவோமோ என்று ஒரு முற்றுப்புள்ளிக்கும் அஞ்சுகிற மனுஷி, மேற்குப் பக்கமாக இடது கையை நீட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்: “இஞ்சால! இஞ்சாலதான் போகவேணும்!”

இப்போது அக்கா வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார். எங்கள் கடையில் ஒவ்வொரு பலகையின் மூலையிலும் கிட்டின் பதிவு எண் சிறிதாக வெட்டப்படுகிறது. அது திரையில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் பலகை வாசலைத் தாண்டாது. முதலாளி இன்னமும் ராகுகாலம் பார்க்கிறார், ஆனால் எங்களைக் கேட்டுவிட்டு. நான் மட்டும் இன்னமும் மூன்று தரம் திறந்து பார்க்கிறேன்.

அன்று பின்னேரம் செய்தி பொய் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சனம் சிரித்துக்கொண்டும் ஏசிக்கொண்டும் வீடு திரும்பியது. “காணும் அக்கா, நிண்டது போதும், வாங்கோ, தண்ணி குடியுங்கோ” என்றேன். கேட்கவில்லை. முதலாளி வான் வண்டியில் புதுப் பலகையோடு வந்து இறங்கினார். நாங்கள் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டும் வரையிலும், வெறும் வீதியில், ஒருவரும் வராத சந்தியில் அக்கா அப்படியே நின்றார். கடைசித் திருகாணியும் இறுகிய பிறகுதான் அக்கா கையை இறக்கினார்.