ஆறு வீடுகளுக்கு நான் எழுதிய எண்கள்

6.2, 7.1, 6.8, 8.0, 5.9, 7.4.

இந்த ஆறு எண்களையும் கொப்பியைத் திறக்காமலே சொல்வேன். எந்த எண் எந்த வீட்டுக்கு என்றும் சொல்வேன். இவற்றில் ஒன்றைக்கூட யாரும் அளக்கவில்லை. ஆறையும் எழுதியது நான்.

அதற்கு முன்பு பதினாறு வருடம் ஒரு தேயிலை பெக்டரியில் நிறுவைப் பதிவேடு எழுதினேன். பிழை விட்டால் அதை அழிக்கக் கூடாது. ஒரே கோட்டால் வெட்டி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அந்தப் பழக்கம் என் சொந்த நாட்குறிப்பிலும் ஒட்டிக்கொண்டது. பெக்டரியில் மோட்டார் நின்றால் பண்டாரவளையிலிருந்து ஆள் வரும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். நின்ற நேரத்தையும் ஓடத் தொடங்கிய நேரத்தையும் நான் எழுதுவேன். ஏன் நின்றது என்று எழுத அந்தப் பதிவேட்டில் ஒரு நிரல்கூட இல்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. பெக்டரியை மூடியபோது எனக்கு நாற்பது வயது. பதுளையில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் மின்வலுத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு வயதெல்லை இல்லை என்று கேள்விப்பட்டு, அடுத்த திங்கட்கிழமையே போய் விண்ணப்பப் படிவம் வாங்கினேன்.

ஒரு வருடம் வகுப்பு. அதன் பிறகு ஆறு மாதம் ஒரு கொந்தராத்துக்காரரிடம் களப் பயிற்சி. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண், நான்தான் மூத்தவள். பாடம் பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தது. நான் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். எர்த் பற்றிய பாடத்துக்கு மட்டும் ஒன்பது பக்கம் எழுதினேன். இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு வயர் கழன்று இரும்பில் பட்டால், அந்தக் கரண்ட் மண்ணுக்குள் இறங்கிப் போக ஒரு நல்ல வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டவரின் உடம்பையே வழியாக்கிக்கொள்ளும். அந்த வழிக்காகத்தான் வீட்டுக்கு வெளியே நாலடிக் கம்பி ஒன்றை மண்ணுக்குள் முழுதாக அடிக்கிறார்கள். அடித்த பிறகு, மண்ணுக்குள் கரண்ட் இறங்க எவ்வளவு தடை இருக்கிறது என்று டெஸ்டரால் அளக்க வேண்டும். பத்து ஓமுக்குக் குறைவாக வர வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள்.

களப் பயிற்சியில் சூப்பர்வைசர் என்னைவிடப் பத்து வயது இளையவர். தமிழர்தான். முதல் நாளே நான் நிரப்பிய படிவத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, ஒங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே! நீங்க ஒக்காந்து எழுதுங்க. வெயில்ல எதுக்கு?"

மரியாதை என்று நினைத்தேன். என்ன மடத்தனம். ஐந்து மாதம் என் கையில் ஒரு ஸ்க்ரூட்ரைவர்கூட வரவில்லை. ஏணியில் கால் வைத்தால், "நீங்க விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்பார். பயிற்சி நிலையம் தந்த பதிவுப் புத்தகத்தில் மட்டும் நான் கம்பம் ஏறினேன், வயர் இழுத்தேன், பழுது பார்த்தேன். மாத முடிவில் அவர் கையொப்பமிடுவார். என் சொந்த சீ.ஆர். கொப்பியில் அதே நாட்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது: "படிவம் 14. தேநீர் 9 கோப்பை." கடைசி மாதக் கையொப்பம் இல்லாமல் சான்றிதழ் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கடைசி மாதத்தில்தான் ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்துக்குப் போனோம். பழைய வயரிங் எரிந்துபோய் எட்டு மாதமாக இருட்டில் கிடந்த லயம், ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். பன்னிரண்டு வீட்டுக்கும் புதிதாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். முதல் வீட்டு அம்மா எங்களுக்கு வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்.

"கரண்ட் வந்தா மொதல்ல வாளிக்குள்ள போடுற ஹீட்டர்தான் மிஸ். எங்க வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. சுடுதண்ணி ஊத்தணும்."

லயத்தின் முன்பக்கம் முழுக்கப் பாறை. வேலையாட்கள் இருவர் கம்பியை அடித்தார்கள். ஓரடி இறங்கி நின்றுவிட்டது. பின்பக்கம் கழிவுநீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கத்தில் மரக்கறித் தோட்டம் இருந்தது, நல்ல ஆழமான மண். பன்னிரண்டடி வாய்க்கால் தோண்டி வயரைக் கொண்டுபோனால் கம்பி முழுதாக இறங்கியிருக்கும். சூப்பர்வைசர் பாறையையும் பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"வெட்டு," என்றார்.

வாள் எடுத்து மேலே நின்ற கம்பியை அறுத்தார்கள். மூன்று அங்குலம் விட்டு அதில் எர்த் வயரைப் பூட்டினார்கள். பார்ப்பவருக்கு நாலடியும் மண்ணுக்குள் இருப்பது போலத் தெரியும். பிறகு அவர் டெஸ்டரின் மஞ்சள் பெட்டியைத் திறந்து தரையில் வைத்து, கைபேசியில் ஒரு படம் எடுத்து, மூடிவிட்டார். டெஸ்டரின் வயர்கள் வாங்கிய நாளில் கட்டியிருந்த நாடாவோடு அப்படியே இருந்தன.

நான் பேனாவோடு காத்திருந்தேன். "எவ்வளவு சேர்?"

"ஆறு, ஏழுன்னு போடுங்க. எல்லாத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டுறாதீங்க அக்கா. புள்ளி வச்சு மாத்தி மாத்திப் போட்டாத்தான் அளந்த மாதிரி இருக்கும்."

போட்டேன். முதல் வீட்டுக்கு 6.2. கையொப்பத்தை நினைத்துக்கொண்டு போட்டேன். ஐந்தாவது வீட்டுக்கு வந்தபோது அவர் சொல்லக்கூட இல்லை. ஆறுக்குக் கீழே ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று நானே யோசித்து 5.9 எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. கார்பன் தாள் வைத்து எழுதிய பிரதியை அன்று முடித்த ஆறு வீட்டுக்கும் கொடுத்தேன்.

மாலையில் வேன் புறப்படும்போது என் காலடியில் ஏதோ உருண்டது. அறுத்த கம்பித் துண்டுகள், ஆறு. டெஸ்டரைத் தொட எனக்கு அனுமதி இல்லை. ஆனால் பையில் அளவு நாடா இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அளந்தேன். எந்தக் கம்பி எவ்வளவு இறங்கி நின்றது என்று பார்த்திருந்ததால் எந்தத் துண்டு எந்த வீட்டுடையது என்று தெரிந்தது. முதல் துண்டு இரண்டடி ஒன்பது அங்குலம். அப்படியென்றால் அந்த அம்மாவின் வீட்டுக்கு மிச்சம் ஓரடி மூன்று அங்குலம், அதிலும் மூன்று அங்குலம் வெளியே நிற்கிறது. ஐந்தாவது துண்டு மூன்றடி ஒரு அங்குலம். நான் 5.9 என்று அழகுபடுத்திய வீட்டுக்கு மண்ணுக்குள் இருப்பது எட்டு அங்குலம், என் ஒரு சாண் அளவு.

மறுநாள் காலையில் ஏழாவது வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வந்து, "எழுதுங்க அக்கா," என்றார்.

"அளந்துட்டுச் சொல்லுங்க சேர், எழுதுறேன்."

"நேத்து எழுதுனீங்கதானே?"

"நேத்து எழுதுனது பிழை."

"என்னக்கா, ஏதும் கனவு கினவு கண்டீங்களா?" வேலையாட்கள் சிரித்தார்கள்.

"டெஸ்டரைக் குடுங்க. நானே அளக்கிறேன்."

"வெல கூடுன சாமான் அது. பொம்பளைங்க கைல குடுத்து ஒடஞ்சுட்டா?"

"நாடாவே அவுக்காத சாமான் எப்படி சேர் ஒடையும்?"

இந்த முறை வேலையாட்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் முகம் மாறியது. படிவக்கட்டை என் மடியிலிருந்து பிடுங்கினார்.

"சரி, நானே எழுதிக்கிறேன். ஒங்க புத்தகத்துல என் சைன் மட்டும் எதிர்பார்க்காதீங்க."

நான் எழுந்து மேல் ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறினேன். பதுளையில் பயிற்சி நிலையத்து விரிவுரையாளர் முன்னால் போய் நின்றபோது பிற்பகல் இரண்டு நாற்பது. துண்டுகளின் நீளத்தைப் படித்துக் காட்டினேன். எர்த் பாடம் எடுத்தவர் அவர்தான். முழுதும் கேட்டார்.

"இன்னும் ஒரு மாசந்தானே இருக்கு மிஸ்? போய் ஒரு மன்னிப்புக் கேட்டு முடிச்சிருங்க. சான்றிதழ் கைக்கு வந்த பெறகு நீங்க நேர்மையா வேலை செய்ங்களேன், யாரு வேணாங்குறா?"

"அந்த ஆறு வீடு?"

"கொந்தராத்துக்காரர்ட்ட நான் சொல்றேன்."

'சொல்வதாகச் சொன்னார்' என்று கொப்பியில் எழுதினேன். நேரத்தையும் எழுதினேன். எழுதி வைத்ததும் வேலை முடிந்தது போல ஒரு நிம்மதி எனக்கு. ஒருபோதும் அவரிடம் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் அவரும் எனக்கு எதிராகிவிடுவார், வேறு இடத்தில் பயிற்சிக்குக் கடிதம் தர மாட்டார் என்று பயந்தேன். சூப்பர்வைசரைத் திட்டுவது எனக்கு எளிது. விரிவுரையாளரைத் திட்டுவதும் எளிது. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்த நாட்களை எண்ணும்போதுதான் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பல்லைக் கடிக்கிறேன்.

வெலிமடையில் வேறொரு கொந்தராத்துக்காரரிடம் ஆறு மாதமும் முதலிலிருந்து தொடங்கினேன். அவர் முதல் நாளே டெஸ்டரை என் கையில் கொடுத்தார். நான் அளந்த முதல் எண் 43. "மோசம். இன்னொரு கம்பி அடிங்க," என்றார். அவ்வளவுதான். இது இத்தனை சாதாரணமான வேலை என்று கண்டபோது ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

ஏழாவது மாதம் ஒரு வியாழக்கிழமை சான்றிதழ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை டெஸ்டரை இரவல் வாங்கி, நான் எண் எழுதிய வீடுகளுக்காக ஆறு நாலடிக் கம்பிகளைக் கட்டி, வயர்ச் சுருளோடு பஸ் ஏறினேன்.

"என்னக்கா, வீடு கட்டவா போறீங்க?" என்றார் கொண்டக்டர்.

அந்த அம்மா என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். "அட, எழுதுற மிஸ்ஸா! வாங்க, வாங்க." உள்ளே மீட்டருக்குக் கீழே பொலித்தீன் உறைக்குள் நான் எழுதிய தாள் தொங்கியது. "பாருங்க, எப்படி வச்சிருக்கோம். வர்ற ஆளுகளுக்கெல்லாம் எங்க வீட்டுக்காரரு இதக் காட்டுவாரு."

மூலையில் ஈரச் சீமெந்துத் தரையில் வாளி. வாளிக்குள் ஹீட்டர். கரண்ட் கசிந்தால் தானே அணைகிற ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தாண்டி வயர் கொடுத்திருந்தார்கள். முதலில் மெயினை நிறுத்தினேன். வெளியே போய் எர்த் வயரைக் கழற்றி அளந்தேன். இரண்டு தரம் அளந்தேன். 162.

"அம்மா, அந்தப் பேப்பர்ல இருக்கிறது பொய். அன்னைக்கு யாருமே அளக்கல. அந்த எண்ண நான்தான் இட்டுக்கட்டி எழுதினேன்."

அவர் மூலையிலிருந்த வாளியைப் பார்த்தார். "தண்ணியத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதுன்னு நான் சொன்னேன். குளிருக்கு அப்படித்தான் இருக்கும்னாரு அவரு. அதான் பேப்பர் இருக்கேன்னாரு." திரும்பி என்னைப் பார்த்தார். "ஏழு மாசம்! ஏழு மாசமா இந்த வாளிக்குள்ள கைய விட்டுக்கிட்டு இருக்கோம். ஒங்களுக்கு இன்னைக்குத்தான் பஸ்ஸு கெடச்சிச்சா?"

பஸ்ஸில் வரும்போது நடந்ததையெல்லாம் வரிசையாக இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அதை வெளியே எடுக்கவில்லை. அவர் ஏசினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இஸ்தோப்புக்கு வரும்வரை ஏசினார். ஏசிக்கொண்டே உறையிலிருந்து தாளை இழுத்து என் மார்பில் குத்துவது போல நீட்டினார்.

"இதத் திருத்துங்க மொதல்ல."

6.2ஐ ஒரே கோட்டால் வெட்டினேன். மேலே 162 என்று எழுதினேன். சுருக்கொப்பமும் திகதியும் இட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது.

"எங்க தோண்டணும்?"

"பின்னால, கானுக்கு அந்தப் பக்கம்."

கதவுக்குப் பின்னாலிருந்து மம்பட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் எனக்கு முன்னால் நடந்தார். லயத்தின் கடைசிவரை கேட்கும்படி கத்தினார்:

"ஏ, எல்லாரும் அந்தப் பேப்பர எடுத்துக்கிட்டு வாங்கடி! அத எழுதுனவ வந்திருக்கா!"