ஆல்வினின் இரண்டு அவுன்ஸ்

ஆல்வின் ஓஸ்ட்பி எங்கள் மாவட்டச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். வண்டியின் எடை இருபது டன். அதைப் பற்றி அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு இருந்த கவலையெல்லாம் தன் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பற்றித்தான்.

மலைமேல் இருக்கும் கெட்டில் பள்ளத்தாக்கில் கொம்புள்ள எல்க் மானைச் சுட வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் வர வேண்டும். மொன்டானாவில் பாதிப் பேர் இதற்கு விண்ணப்பிக்கிறார்கள்; மீதிப் பேர் விண்ணப்பித்து அலுத்தவர்கள். ஆல்வின் பதினேழு வருஷம் விடாமல் போட்டார். பதினேழாவது வருஷம் ஜூன் மாதத்தில் சீட்டு விழுந்தது. ஜூலை மாதத்தில் முட்டி விழுந்தது.

"முதுகுல முப்பது பவுண்டுக்கு மேல ஏத்தாதீங்க," என்றார் மருத்துவர். "ஏத்தினா, நடந்து போவீங்க. திரும்பி வர்றது எப்படின்னு எனக்குத் தெரியாது."

ஆல்வினின் பழைய மூட்டை ஐம்பத்து நாலு பவுண்டு. பள்ளத்தாக்குக்கு ஏழு மைல், ஏழும் ஏற்றம். இந்த வருஷம் மான் கிடைக்காவிட்டால் குலுக்கல் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அடுத்த சீட்டு விழும்போது அவருக்கு எழுபத்தைந்து ஆகியிருக்கும். மருத்துவர் அப்போது ஒரு கைக்குட்டைக்கு மேல் அனுமதிக்க மாட்டார்.

தீர்வு சொல்ல ஆள் இருந்தது. மனைவி வெர்னாவின் அண்ணன் டெல்மர், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோவேறு கழுதைகளோடு வாழ்கிறவர்.

"மாப்ளே, பெட்டூனியாவைக் கூட்டிட்டுப் போவோம். மூட்டையை அது சுமக்கட்டும். நீ கையை வீசிட்டு வா."

"மச்சான், நாலு வருஷம் முன்னாடி உன் பெட்டூனியா விடிகாலையில கத்துச்சே, அதுல ஓடின மானுங்க இன்னும் திரும்பி வரலை."

"அதுக்குப் பசிச்சுது."

"எனக்கும்தான் பசிச்சுது. நான் கத்தினேனா?"

அத்தோடு கழுதைப் பேச்சு முடிந்தது. வெர்னா கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசு சமையலறையிலிருந்து கார் ஷெட்டுக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் கோடையில் அந்த வீட்டில் யாரும் கேக் சாப்பிடவில்லை.

முதலில் பெரிய சாமான்கள் போயின. கித்தான் கூடாரம் போய், கைத்தடி இரண்டை நட்டு மேலே கட்டும் ஒரு துணி வந்தது. அதற்குச் சுவர் கிடையாது. தூங்கும் பை போய் வாத்து இறகுப் போர்வை வந்தது. அதற்கு முதுகுப்பக்கம் கிடையாது. படுத்தால் எப்படியும் நசுங்கும் பக்கத்தை எதற்குச் சுமப்பானேன் என்று தயாரித்தவர்களே யோசித்து நீக்கிவிட்டார்கள். இரும்பு வாணலி போய், ஊதினால் பறக்கும் ஒரு டைட்டானியம் குவளை வந்தது. டப்பா உணவெல்லாம் போய், வெந்நீர் ஊற்றினால் உருளைக்கிழங்காகும் ஒரு வெள்ளைப் பொடி வந்தது. ஆகாவிட்டாலும் எடை குறைவு.

பிறகு சிறிய சாமான்கள். சட்டையின் கழுத்துப் பட்டி, ஜிப்பின் இழுவை, காலுறை முனையில் தொங்கிய நூல். பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்தபோது வெர்னா எட்டிப் பார்த்தாள்.

"பல் செட்டு?"

"என்ன பல் செட்டு?"

"உன் வாயில இருக்கறதுதான். அதைக் கழட்டிட்டுப் போனா பிரஷ்ஷே வேண்டாமே."

அவள் கிண்டல் செய்கிறாள் என்பது ஆல்வினுக்குப் புரியாமலில்லை. ஆனாலும் கழற்றி நிறுத்துப் பார்த்தார். முக்கால் அவுன்ஸ். சற்று நேரம் யோசித்துவிட்டு, காய்ந்த இறைச்சியை மெல்ல வேண்டியிருக்கும் என்பதால் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நான் சொல்றேன் கேளு," என்றாள் வெர்னா. "உன் வயித்துல இருபது பவுண்டு சும்மா கிடக்கு. அதை ஏன் தராசுல வைக்கல?"

"டாக்டர் முதுகைப் பத்திதான் சொன்னாரு. வயித்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம் மூட்டை முப்பது பவுண்டும் இரண்டு அவுன்ஸும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆல்வினுக்கு முப்பது என்றால் முப்பது. ஷெட்டில் இருந்த எல்லாவற்றையும் மறுபடி தராசில் ஏற்றினார். மூக்குக் கண்ணாடி உட்பட. கண்ணாடி தராசில் கிடந்த அந்த நேரத்தில், வெர்னாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்து, காகிதங்களையெல்லாம் அடுக்கி, நான்கு பக்கமும் வீணாகக் கிடந்த ஓரங்களை வெட்டித் தள்ளினார். வரைபடத்தில் தான் போகாத பக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு ஜோடி காலுறையையும் வெளியே எடுத்துப் போட்டார். கூட்டிப் பார்த்தார்; சரியாக முப்பது.

புதன்கிழமை ஆல்வினும் டெல்மரும் ஏறினார்கள். சனிக்கிழமை இரவு பனி பெய்யும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பனி பெய்தால் ஞாயிறு காலை ஆல்வின் தன் இருபது டன்னில் உட்கார்ந்தாக வேண்டும். டெல்மருக்குச் சீட்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இறைச்சி சுமக்க உதவிக்கு வந்தவர். அவருடைய மூட்டை அறுபத்தொரு பவுண்டு. அதில் வாணலி இருந்தது. மடக்கு நாற்காலி இருந்தது. பன்னிரண்டு முட்டைகள் இருந்தன, உடையாமல்.

அன்று மாலை டெல்மர் நாற்காலியில் உட்கார்ந்து முட்டையும் பன்றிக் கொழுப்பும் பொரித்தார். ஆல்வின் தரையில் உட்கார்ந்து வெள்ளைப் பொடியைக் கிளறினார்.

"மாப்ளே, ஒரு முட்டை சாப்பிடு."

"வேண்டாம்."

"இது மூட்டையில சேராது. வயித்துலதான் சேரும். டாக்டர்தான் ஒண்ணும் சொல்லலையே."

ஆல்வின் மூன்று சாப்பிட்டார்.

வியாழன் விடிந்ததும் மான் வந்தது. புல்வெளியின் எதிர்ச்சரிவில், இருநூறு கஜத்தில், பக்கத்துக்கு ஆறு கிளைக் கொம்போடு நின்று மேய்ந்தது. அதன் அவசரமின்மையைப் பார்த்தால் அதற்கும் பதினேழு வருஷமாக இந்தச் சந்திப்பு குறித்துத் தகவல் இருந்திருக்கும் போலிருந்தது. ஆல்வின் மூட்டையைத் தரையில் வைத்து, துப்பாக்கியை அதன்மேல் சாய்த்துப் படுத்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. விசையில் விரல் வைப்பதற்கு முன் அனுமதிச் சீட்டை எடுத்து ஒருதரம் படித்துக்கொள்வார். சுட்ட கையோடு அந்தச் சீட்டில் வரிசையாக அச்சிட்டிருக்கும் மாதங்களிலும் தேதிகளிலும் அன்றையதை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, மானோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதுதான் சட்டம்.

சீட்டை எடுத்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே?" என்று கிசுகிசுத்தார் டெல்மர்.

"மாசம் இல்ல."

"என்ன மாசம் இல்ல?"

"எந்த மாசமும் இல்ல. தேதியும் இல்ல. எல்லாம் ஓரத்துல இருந்துச்சு."

"ஓரம் எங்க?"

"ஷெட்டுல. குப்பைத் தொட்டியில."

டெல்மர் சீட்டை வாங்கிப் பார்த்தார். நடுவில் ஆல்வின் ஓஸ்ட்பி என்ற பெயரும் ஒரு எண்ணும் மட்டும் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் எஞ்சியிருந்தன. ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எல்லாம் வெட்டப்பட்டிருந்தது. அந்தக் காகிதத்தின்படி ஆல்வின் வருஷம் பூரா, நாள் தவறாமல், எல்க் சுட்டு முடித்திருந்தார்.

டெல்மருக்குச் சிரிப்பு வந்தது. எதிரே மான் இருந்ததால் தொப்பியை வாயில் திணித்துக்கொண்டார்.

"சுடு," என்றார் தொப்பியை எடுத்துவிட்டு. "இங்க யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் இருக்கேனே."

"பதினேழு வருஷம்டா!"

"அதுக்குத்தான் சுடலை."

ஆல்வின் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை வெளியே எடுத்தார். மான் தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்து மேய்ந்தது.

மூட்டையையும் துப்பாக்கியையும் டெல்மரிடம் விட்டுவிட்டு, தண்ணீர்க் குப்பியும் வெட்டுப்பட்ட சீட்டுமாக ஆல்வின் இறங்கினார். அந்த வருஷம் அவர் முதுகு சுமந்ததிலேயே குறைவான எடை அதுதான். ஏழு மைல் கால்நடை, நாற்பது மைல் வண்டி. சாயங்காலம் நாலரைக்கு வனவிலங்கு அலுவலகத்தில் கோரின் என்ற பெண்மணியின் முன்னால் நின்றார். நகல் சீட்டு கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரு படிவம் உண்டு.

"தொலைஞ்சு போச்சா, சேதமாச்சா?"

"எடை குறைச்சேன்."

கோரின் அந்தத் துண்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சேதம்னு போடறேன்."

"போடுங்க."

புதிய சீட்டு இயந்திரத்திலிருந்து சூடாக வந்தது. நான்கு பக்கமும் ஓரம், பன்னிரண்டு மாதம், குறைவில்லாமல். கோரின் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினாள்.

"இந்த உறை எதுக்குங்க? இது இல்லாம..."

"உறையோடதான் தருவேன்."

வீட்டில் வெர்னா கதையைக் கேட்டுவிட்டு எழுந்து போய் கத்தரிக்கோலை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆல்வின் மறுபடி ஏறினார். முட்டி மேளம் கொட்டியது. மாலை புல்வெளியில் ஒன்றுமில்லை.

"நேத்து சாயந்திரம் வந்துச்சு," என்றார் டெல்மர் நாற்காலியிலிருந்து. "என் வாணலி வாசனைக்கு வந்துச்சோ என்னவோ. இந்தா, இவ்ளோ பக்கத்துல. உன்னைக் கேட்டுச்சு. ஆபீஸ் போயிருக்கான்னேன்."

ஆல்வின் முட்டையில் பங்கு கேட்டார்.

சனிக்கிழமை காலை வானம் பால் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. ஏழு மணிக்கு அதே சரிவில் அதே கொம்பு தெரிந்தது. ஆல்வின் சீட்டை உறையிலிருந்து எடுத்து, பன்னிரண்டு மாதங்களையும் விரல் வைத்து எண்ணினார். பிறகு ஒரே ஒரு முறை சுட்டார். மான் நாலு அடி நடந்து, உட்காருவதைப் போல் சாய்ந்தது.

சின்னக் கத்தியால் அக்டோபரை வெட்டினார். பிறகு தேதியை. வேறெதையும் வெட்டாமலிருக்க டெல்மர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறைச்சி மட்டும் இருநூற்று நாற்பது பவுண்டு தேறும் என்று டெல்மர் கண்ணாலேயே கணித்தார். மருத்துவர் கணக்கில் அது எட்டு நடை, போக வர நூற்றுப் பன்னிரண்டு மைல். பனி விழ இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. ஆல்வின் மலையைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், கடைசியில் மச்சானைப் பார்த்தார்.

"போய்... அதைக் கூட்டிட்டு வா."

"எதை?"

"அதைத்தான்."

"பேரைச் சொல்லு மாப்ளே."

"பெட்டூனியாவை."

"அதோட எடை தொள்ளாயிரம் பவுண்டு. பரவால்லையா?"

ஆல்வின் கொம்பில் சீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். டெல்மர் கிளம்புமுன் கொம்பை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"இது எத்தனை பவுண்டு இருக்கும்?"

"தெரியாது."

"உனக்கா தெரியாது?"

"தராசைக் கொண்டுவரல," என்றார் ஆல்வின். "அது ஒண்ணேகால் பவுண்டு."