அமலா மிஸ்ஸின் யோகா பீரியட்

'மாணவிகளை எந்நேரமும் சுறுசுறுப்பாகவும் விழிப்பாகவும் வைத்திருப்பவர்' என்று அமலாவைப் பற்றிப் பள்ளியின் வழவழப்பான சேர்க்கைக் கையேடு சொல்கிறது. பக்கத்தில், நீல டிராக் சூட்டில், கழுத்தில் விசிலோடு அவர் படம். வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் அதே டிராக் சூட்டில் அவர் செய்வது, பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் முப்பத்தெட்டுப் பேரை வரிசையாகப் பாயில் படுக்கப்போட்டுத் தூங்க வைப்பது. அட்டவணையில் அதற்குப் பெயர் யோகா. "கண்ண மூடு. மூச்ச உடு. அவ்ளோதான், வேற ஒண்ணும் பண்ணாத." இரண்டாவது நிமிடத்தில் முதல் குறட்டை கேட்கும்.

அவருக்கு மட்டும் படுக்கவும் வராது, உட்காரவும் வராது. விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து செஞ்சிக் கோட்டை வாசல்வரை ஓடித் திரும்புவார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நிற்பார். டீயையும் நடந்துகொண்டே குடிப்பதால், தரையில் சொட்டியிருப்பதைப் பார்த்தே அவர் எந்தப் பக்கம் போனார் என்று சொல்லிவிடலாம். இந்தப் பள்ளியில் பத்து வருடமாக அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "எனுக்குத்தான் தூக்கம் வர்ல. வர்ற புள்ளைங்களாவது தூங்கட்டுமே" என்பார்.

எல்லாப் பள்ளிகளிலும் போல இங்கேயும் விளையாட்டு பீரியட் கணக்கு டீச்சரின் பரம்பரைச் சொத்து. சாரதா டீச்சர் வாசலில் நின்று சாக்பீஸை ஆட்டினால் போதும். அமலா பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு மைதானத்தைத் தனியாகச் சுற்றுவார். போன ஆவணி அமாவாசைக்கு மறுநாள் மாணவி மிஸ்பா திண்டிவனம் போகும்வரை அப்படித்தான்.

மிஸ்பாவுக்கு வீடு மேல்மலையனூர்ப் பக்கம். ஏழேகால் ஸ்பெஷல் கிளாசுக்கு நாலரை மணிக்கு எழுந்து வர வேண்டும். அன்று பஸ்ஸில், அமாவாசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும் கூட்டம் நாலு பக்கமும் முட்டுக் கொடுக்க, நின்றபடியே தூங்கிவிட்டாள். செஞ்சி வந்தது, போனது. திண்டிவனத்தில் பஸ் காலியானதும் சரிந்து விழுந்தவளைக் கண்டக்டர் எழுப்பிப் பள்ளிக்குப் போன் போட்டிருக்கிறார். அமலா இரவல் ஸ்கூட்டரில் போய், அவளுடைய துப்பட்டாவாலேயே அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி அழைத்துவந்தார். வழியெல்லாம் அவள் தூங்கினாள். "முதுவு பூரா எச்சி" என்று ஆசிரியர் அறையில் திரும்பி நின்று காட்டினார்.

அன்றே தாளாளர் அமிர்தவல்லியிடம் போய், ஸ்பெஷல் கிளாசை எட்டேகாலுக்கு மாற்றச் சொன்னார். இன்னொரு பள்ளியில் ஆறரைக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று பதில் வந்தது. "அப்ப அதுங்க இதவிட நல்லா தூங்கி விழும் மேடம்" என்று அமலா சொன்னதைத் தாளாளர் ரசிக்கவில்லை.

அதன் பிறகுதான் யோகா பிறந்தது. சாரதா டீச்சர் வழக்கம்போல சாக்பீஸை ஆட்டினார், பலிக்கவில்லை. இன்டக்ரேஷன் முடியவில்லை என்று கெஞ்சினார். "அது எங்கயும் ஓடிடாது டீச்சர். நீங்களும் ஒரு பாய் போட்டுக்கோங்க." மூன்றாம் வாரம் அவரும் போட்டுக்கொண்டார். ஏழேகால் கிளாஸ் எடுப்பவரும் எழுந்துதானே வர வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை, பள்ளியைச் சுற்றிப் பார்க்க வந்த பெற்றோர் நாலு பேரோடு தாளாளர் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். வெறுங்காலோடு வரிசைகளுக்கு நடுவே உலாத்திக்கொண்டிருந்த அமலா நின்றார்.

"இன்னா மிஸ் இது?"

"சவாசனம் மேடம்."

"சவாசனத்துல குறட்டை வருமா?"

"ஒழுங்கா செஞ்சா வரும் மேடம்."

பெற்றோரில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் வினை. வருடா வருடம் மே மாதம் புதுப்பிக்கும் வேலை அமலாவுடையது. தாளாளர் குரலை இறக்கினார். "மே மாசம் உங்க ஆர்டர்ல நான்தான் கையெழுத்து போடணும். ஞாபகம் இருக்குதில்ல? விசில் ஊதி எழுப்புங்க."

முன்வரிசையில் மிஸ்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அமலா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். டிராக் சூட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு மிஸ்பாவின் பாய் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்.