நாலாவதாக உட்கார்ந்திருந்தவர்

நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். போன ஆடி மாதம், வியாழக்கிழமை. பட்டப்பகல்.

என் பெயர் தினகரன். ஊர் பசியாவரம். மீஞ்சூரில் பார்த்த கம்பெனி வேலை போனதும் ஏரிக்கே திரும்பி வந்தேன். கடல் புகும் எங்கள் பழவேற்காட்டு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. பாடு இருக்க வேண்டும். பாடு என்றால் முறை. அப்பனுக்கு இருந்தால்தான் பிள்ளைக்கு. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே நைனா காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் பாடும் அப்படியே விட்டுப்போனது.

மிச்சமிருந்த ஒரே சாட்சி ஒரு போட்டோ. பாடு பிரிக்கச் சீட்டுப் போட்ட அன்று, பதினோரு பேர் முறை வரிசைப்படி உட்கார்ந்து எடுத்தது. நைனா நாலாவது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. "ஞாயித்துக்கெழம போட்டோவ எடுத்துனு வா, பாடு உனக்கு" என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

அதைப் பழவேற்காட்டு வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் கொடுத்திருந்தேன். சங்கச் செயலாளர் ஆதிகேசவன் என் தோஸ்து. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கேட்டதும், "நீ இன்னாத்துக்கு அலையுற? நானே எடுத்துனு வரேன்டா" என்றான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அங்கே கூட்டிப் பெருக்கும் காந்தாக்காவிடம் சாவி வாங்கிக்கொண்டு போனேன்.

மணி 2.40. கரண்ட் இல்லை. ஒற்றை அறை. டச்சுக்காரர் காலத்து உடைந்த தட்டுகள், மண்ணில் செய்த வலைக்குண்டுகள், சுவர் முழுக்கப் போட்டோக்கள்.

நைனாவைக் கண்டுபிடித்தேன். நாலாவது. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். மற்ற பத்துப் பேரின் வேட்டியும் காய்ந்து கிடந்தது. நைனாவின் வேட்டி மட்டும் காலோடு ஒட்டி... ஈரமாக.

சொட்.

கண்ணாடியைத் துடைத்தேன். ஈரம் போகவில்லை. உள்பக்கம் இருந்தது.

சொட்... சொட்...

கீழே தரை நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. ஏரித் தண்ணீர்.

2.47. நிமிர்ந்தேன்.

பத்துப் பேர் கேமராவைப் பார்த்தார்கள். நைனா என்னைப் பார்த்தார்.

வாய் திறந்தது...

தண்ணீர்தான் வந்தது.

ஓடிவிட்டேன். பெற்ற அப்பனைப் பார்த்துப் பயந்து ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆதிகேசவனே போட்டோவைக் கொண்டுவந்து ஊர் முன்னால் வைத்தான். நாலாவது இடத்தில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"ஆதி... இன்னாடா இது?"

"இருக்கறதுதான் இருக்குது" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாடு அவனுக்குப் போனது. வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ மாற்றியிருக்கிறான் பாவி, ஓடாமல் அன்றைக்கே கழற்றி வந்திருக்கலாமே என்று வயிறு எரிந்தது.

விசாரித்துக்கொண்டு பொன்னேரி ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பிரின்சி அழுதுவிட்டாள்.

"ஊர்ல வந்து சொல்ல மட்டும் கூப்புடாதீங்கண்ணா. நான்தான் ஆதியண்ணனுக்கு மாத்திக் குடுத்தேன். எதுக்குன்னு சத்தியமா தெரியாது."

"எப்போ? வெள்ளிக்கெழமயா?"

"இல்லண்ணா. தை மாசமே. அப்போலேர்ந்து சுவத்துல மாட்டியிருக்கறது அதுதான்."

"அப்போ பழைய போட்டோ?"

"அன்னிக்கே ஏரியில வுட்டுட்டேன்னு சொன்னாரு."